ஆடை மாற்றும் வசதி: உண்டு

சுற்றறிக்கையில் அப்படித்தான் போட்டிருந்தது.
வியாசர்பாடி ஜீவாவில் இறங்கி
பள்ளி கேட்டுக்குள் நுழையும்போது ஏழே கால்.
பி.டி. மாஸ்டர் அற்புதநாதன்
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"ரெஃப்ரி வரலையா மேடம்?"

வந்தாச்சு சார்.

நடுவர் அறை என்று
சாக்பீஸில் எழுதிய கதவைத் தட்டினேன்.
உள்ளே லைன்ஸ்மேன்கள், பனியன், பவுடர் வாசம்,
"ஒரு அஞ்சு நிமிஷம்" என்று ஒரு குரல்.
நடுவர் என்ற சொல்லில்
ஆண்பாலும் இல்லை பெண்பாலும் இல்லை.
இலக்கண வகுப்பில் எனக்கு நல்ல மதிப்பெண்.
சொல்லுக்குள் எல்லோருக்கும் இடம் உண்டு.
அறைக்குள் நாலு ஆணி,
நாலிலும் பேன்ட்.

எனக்கு ஸ்டோர் ரூம்.
ஈட்டிகள், காற்றுப் போன பந்துகள்,
கோடு போடும் சுண்ணாம்பு மூட்டை,
கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில்
இரண்டு ஓட்டை.

இதுவாவது பரவாயில்லை.
அயனாவரத்தில் உயிரியல் கூடம்,
ஜாடிக்குள் மிதந்த தவளை மட்டும் பார்த்தது.
கொரட்டூரில் சத்துணவுக் கூடம்.
பருப்பு கடைந்துகொண்டிருந்த அக்கா
கேட்காமலே சுவர்ப் பக்கம் திரும்பி
கடைந்துகொண்டே இருந்தாள்.
வீட்டிலிருந்தே போட்டு வரலாமே என்று
ஒரு தலைமையாசிரியர் சொன்னார்.
வந்தேன் ஒருமுறை.
சுடிதாருக்குள் கறுப்பு ஜெர்சி,
ஆகஸ்ட் மாதம், திருநின்றவூர் லோக்கல்.
விசில் ஊதுமுன்பே
தொண்ணூறு நிமிடம் ஓடிய வேர்வை.

ஐந்து கிலோ இரும்புக் குண்டை உருட்டி
கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.
ஜெர்சி தலையில் சிக்கியிருந்த நேரம்
குண்டு நகர்ந்தது.
பந்தெடுக்க வந்த பையன்.
"ஐயோ, சாரி மிஸ்!"
ஓடும் முதுகில் எண் ஆறு.
நான் பார்த்தது அவ்வளவுதான்.

முப்பத்தொன்றாவது நிமிடம்
எதிரணிக்காரன் காலைத் தாமதமாகத் தட்டி வீழ்த்தியவன்
ஆறு.
என் கை பின்பாக்கெட்டுக்குப் போனது.
சிவப்பு இருக்கும் பாக்கெட்.
துணியின் மேலேயே கையை நிறுத்தினேன்.
ஸ்டோர் ரூமை மைதானத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு
கால் எங்கே பட்டது,
பந்து எங்கே இருந்தது,
அதை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
மஞ்சள்.
அவன் என் முகத்தைப் பார்க்காமல்
தலையை மட்டும் ஆட்டினான்.
அந்தச் சில நொடிகளை
எந்த ஸ்டாப்வாட்சிலும் கூட்டவில்லை.

இரண்டுக்கு ஒன்று. கைகுலுக்கல். கலர் சோடா.
படி வாங்க ஒரு படிவம்.
பெயர்: சூ. ஃபிலோமினா.
ஆட்டம்: கால்பந்து, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர்.
ஆடை மாற்றும் வசதி: உண்டு, இல்லை,
பொருந்தாததை அடிக்கவும்.
'உண்டு' ஏற்கெனவே டிக் போட்டிருந்தது
யாரோ ஒருவரின் நீல மையில்.
அற்புதநாதன் கெட்டவர் இல்லை.
"ரூம் குடுத்தோமே மேடம்" என்றார்.
நான் டிக்கை அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதினேன்:
கதவு உண்டு. தாழ்ப்பாள் இல்லை.
குண்டு ஐந்து கிலோ, போதவில்லை.

எருக்கஞ்சேரி சாலையில் ஒரு ஹார்ட்வேர் கடை.
ஆறு இஞ்ச் தாழ்ப்பாள், திருகாணி நாலு,
சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று.
"வீட்டுக்காரர் மாட்டுவாரா, ஆள் அனுப்பணுமா?"
நானே மாட்டிக்கிறேன் அண்ணா.
அடுத்த சனிக்கிழமை ஓட்டேரி,
அதற்கடுத்த வாரம் கொளத்தூர்,
எந்தக் கதவு என்று இன்னும் தெரியாது.

"பில்லு யார் பேருக்கு?"
மண்டல விளையாட்டுக் குழு என்றேன்.
காசு தருவார்களா, தெரியாது.
ரயிலில்
விசிலோடும் டாஸ் நாணயத்தோடும் உரசி
பைக்குள் அது
வீடு வரை சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.